லேசர் கண் சிகிச்சை: வைத்தியரைச் சந்திப்பதற்கு முன்னர்

"கண்ணுக்கு லேசர் செய்தாயிற்று" என்று எங்கள் பகுதியில் ஒருவர் சொன்னால், அவருக்கு உண்மையில் என்ன சிகிச்சை நடந்தது என்பதை அந்தச் சொல்லிலிருந்து எவராலும் விளங்கிக்கொள்ள முடியாது. நீரிழிவினால் விழித்திரையில் ஏற்பட்ட கசிவை அடக்குவதற்காகச் சுட்டிருக்கலாம். குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்காகக் கதிராளியில் சிறு துவாரம் இட்டிருக்கலாம். கண்புரை நீக்கிச் சில வருடங்கள் கழிந்தபின், செயற்கை வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கிப்போனதனால் அதைத் திறந்துவிட்டிருக்கலாம். இவையெல்லாம் லேசர்தான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற நோய்கள். இவற்றைவிட வேடிக்கை யாதெனில், ஊரில் மிகப் பெரும்பாலானோர் "லேசர்" என்று சொல்வது வழமையான பேக்கோ முறைக் கண்புரைச் சத்திரசிகிச்சையையே. அமெரிக்க வைத்தியர் சார்ல்ஸ் கெல்மன் 1967 இல் அறிமுகப்படுத்திய அந்த முறையில் புரையை உடைப்பது கழியொலி அதிர்வு. அதில் லேசர் இல்லை. வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், என்னை ஏதோ குதர்க்கம் பேசுபவனாகப் பார்க்கிறார்கள்.

நான் இங்கு எழுத வந்தது ஐந்தாவது வகையைப் பற்றி. நோயை மாற்றுவதற்காக அன்றி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யப்படும் லாசிக் மற்றும் அதன் உறவுமுறைச் சிகிச்சைகளைப் பற்றி. கல்லடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும் உள்ள இளைஞர்களிடையே இந்த விருப்பம் பரவியிருக்கிறது. கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் சென்னைக்கும் மதுரைக்கும் போகிறார்கள். பணம் பெரும்பாலும் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினரிடமிருந்து வருகிறது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே அவசரமும் வருகிறது. "நான் லீவில் வந்து நிற்கும்போதே செய்து முடித்துவிடு" என்ற அன்புக் கட்டளைக்கு முன்னால், கண்ணுக்குரியவரின் தயக்கம் எடுபடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. பெண்பிள்ளைக்குத் திருமணம் பேசும்போது கண்ணாடி ஒரு குறையாகப் பார்க்கப்படுகிறது. பட்டம் பெற்று ஆசிரியத் தொழில் செய்யும் பெண்ணிடம், "கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டால் நல்லது" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதே மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருப்பான். அது படித்தவன் என்பதற்கு அடையாளம்! ஆரோக்கியமான ஒரு கண்ணின்மீது செய்யப்படும் சத்திரசிகிச்சை அந்தக் கண்ணுக்குரியவரின் விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வைத்தியரிடம் போகுமுன் ஒருவர் தன்னையே கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இது யாருக்கு வேண்டும்?" என்பதுதான். பதில் "எனக்கு" என்றால், மேற்கொண்டு வாசிக்கலாம்.

கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்டு ஒரு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். செவ்விக்குப் போகும் நிருபர் வெறுங்கையோடு போவதில்லை. எதிரே இருப்பவருக்கு நேரம் குறைவு என்பதை அவர் அறிவார்; பொதுவான விடயங்களை முன்கூட்டியே படித்துக்கொண்டு, அந்த ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்பதற்காக அந்த நேரத்தைச் சேமித்து வைப்பார். நோயாளியும் அவ்வாறே போக வேண்டும். எங்களவரோ வைத்தியரின் முன்னால் வாய் மூடி இருப்பதையே மரியாதை என்று பழகிவிட்டார்கள். "வேறென்ன?" என்று வைத்தியர் கேட்கும்போது அடுத்த இலக்கத்தைத் தாதி கூப்பிட்டுக்கொண்டிருப்பார். எழுந்து வந்து பஸ்ஸில் ஏறியபின்தான் கேட்க நினைத்ததெல்லாம் நினைவுக்கு வரும். என் மருமகள் முறையான பெண்ணொருத்தி தனது கேள்விகளை என்னோடு இருந்து எழுதியபோது, "மாமா, இவ்வளவும் கேட்டால் டொக்டர் கோபிக்க மாட்டாரா?" என்றாள். கோபிக்கிறவரானால் அதை சத்திரசிகிச்சைக்கு முன்னரே தெரிந்துகொள்வது நல்லது என்றேன்.

முதலில், நடப்பது என்னவென்று அறிந்திருக்க வேண்டும். கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல வளைந்திருக்கும் ஒளிபுகும் படையை வைத்தியர்கள் கோர்னியா என்பார்கள். தமிழகப் பத்திரிகைகள் கருவிழி என்று எழுதுகின்றன. எங்கள் பாடநூல்களில் விழிவெண்படலம். ஒன்று கறுப்பு என்கிறது, மற்றது வெள்ளை என்கிறது. பொருளோ நிறமே அற்றது. போகட்டும். குறும்பார்வை உள்ளவரின் கண்ணில் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. அந்தப் படலத்தின் வளைவைச் சற்றுத் தட்டையாக்கினால் குவியம் பின்னே நகர்ந்து விழித்திரையில் விழும். லேசர் செய்வது அந்தச் செதுக்கலைத்தான்.

செதுக்கும் கதிர் எக்சைமர் லேசர். அதன் அலைநீளம் 193 நனோமீற்றர். அது உயிர்த் திசுவைச் சுடாமல், அயலிலுள்ள பகுதியைக் கருக்காமல், மிக நேர்த்தியாக அகற்றும் என்பதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1929 இல் பிறந்த அவர், 1981 நவம்பரில், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், நன்றியறிதல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது அந்தக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். வெட்டு சுத்தமாக இருந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய சகாக்களோடு சேர்ந்து செய்த அந்த ஆய்வைக் கண் வைத்தியத்துக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் நியூயோர்க்கைச் சேர்ந்த வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கல். தமிழர்கள் பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. செதுக்கியெடுத்த திசு மீண்டும் வளராது என்பதை அந்த வான்கோழித் துண்டு நன்றாக விளக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். கண்ணாடியைக் கழற்றி மீண்டும் போடலாம். இதைத் திருப்பிப் போட முடியாது.

இனிச் சிறிது கணக்கு. விழிவெண்படலத்தின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றரைவிடச் சற்றே அதிகமான தடிப்புடையது. லாசிக்கில் முதலில் அதன் மேற்பகுதியில் 110 மைக்ரோன் அளவான ஒரு மடலை வெட்டிப் புத்தகத்தின் அட்டைபோலத் திறப்பார்கள். பின்னர் உள்ளே லேசர் செதுக்கும். கண்ணாடியின் ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரோன் வரை போகும். மடலை மூடியபின் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கி நிற்பது மடலுக்குக் கீழே எஞ்சியிருக்கும் படை மட்டுமே. அது 250 மைக்ரோனுக்குக் குறையக் கூடாது என்பது நெடுநாளைய விதி. பல வைத்தியர்கள் இப்போது 300 ஆவது இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒருவருக்கு 500 மைக்ரோன் தடிப்பும் 8 பவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடலுக்கு 110, செதுக்கலுக்கு ஏறத்தாழ 112 போனால் எஞ்சுவது 278. அதே தடிப்பில் 4 பவர் உள்ளவருக்கு 330க்கு மேல் எஞ்சும். ஆகவே, "எனக்குச் செய்யலாமா?" என்று கேட்பதைவிட, "என் படலத்தின் தடிப்பு எவ்வளவு, செய்தபின் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. இலக்கத்தில் பதில் சொல்லும் வைத்தியரை நம்பலாம். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பது பதிலாகாது.

தடிப்பு மட்டும் போதாது, வடிவமும் முக்கியம். சிலருக்கு அந்தப் படலம் இளமையிலேயே மெலிந்து கூம்பு வடிவில் முன்தள்ளத் தொடங்கும். கெரட்டோகோனஸ் என்பது அதன் பெயர். ஆரம்பத்தில் அது சாதாரணக் குறும்பார்வைபோலவும் அடிக்கடி மாறும் சிலிண்டர் பவர்போலவும் மட்டுமே தெரியும். அத்தகைய கண்ணில் லாசிக் செய்தால் மெலிந்த சுவரை இன்னும் மெலியச் செய்ததாக முடியும். படலத்தின் மேடுபள்ளங்களை நிற வரைபடமாகக் காட்டும் பரிசோதனை அதற்காகத்தான் இருக்கிறது. அதைச் செய்தார்களா, அதில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், அல்லது சிறுவயதிலிருந்தே கண்ணைக் கசக்கும் வழக்கம் இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களாகவே சொல்லுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு விசேடமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. கொன்டக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதை அணிந்துகொண்டே இரவு ரயிலில் ஏறிக் கொழும்பில் இறங்கிக் காலையில் பரிசோதனைக்குப் போய் நிற்கிறார்கள். லென்ஸ் படலத்தின் வடிவத்தை மாற்றிவிடும். மென்மையான லென்ஸாயின் பொதுவாக இரண்டு வாரமும், கடினமானதாயின் அதைவிட நீண்ட காலமும் நிறுத்திவைத்த பின்னர்தான் அளவீடுகள் சரியாக வரும். எத்தனை நாள் என்பதை ஆசனம் பதிவு செய்வதற்கு முன்னர் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. கண்மணியை விரியச் செய்யும் துளிமருந்தும் இடுவார்கள். அதன்பின் சில மணிநேரம் வெளிச்சம் கூசும். கிட்டத்தில் எழுத்துத் தெரியாது. துணைக்கு ஒருவர் இல்லாமல் போக வேண்டாம். பழைய கண்ணாடிச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பவர் குறைந்தது ஒரு வருடமாவது மாறாமல் இருந்ததா என்பதற்கு உங்கள் வாய்மொழியைவிட அவைதான் சாட்சி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது ஏற்றதல்ல. இருபதைக் கடந்தும் பவர் ஏறிக்கொண்டிருப்பவர்கள் பொறுத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும், அக்காலத்தில் பவரே மாறக்கூடும் என்பதனால். வாதநோய் வகைகள், முகப்பருவுக்காக உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினோயின் குளிசை, நாட்டு வைத்தியரிடம் வாங்கிய மருந்து எதுவாயினும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு மருந்தைச் சொன்னால் ஏசுவார்களோ என்று பயந்து மறைப்பது எங்களிடம் இருக்கும் பெரிய வியாதி.

பாதகங்களைப் பற்றி விளம்பரங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 இல் நடத்திய பகிரங்க விசாரணையில் இச்சிகிச்சையினால் துன்பப்பட்டவர்கள் நேரில் வந்து சாட்சியமளித்தார்கள். அதே நிர்வாகத்தில் இக்கருவிகளை மதிப்பிட்ட பிரிவுக்குத் தலைமை தாங்கி ஓய்வுபெற்ற மொரிஸ் வாக்ஸ்லர் என்பவர், பின்னர் இதற்கு எதிராகவே குரல் கொடுத்து 2011 இல் மனுச் செய்தார். அந்நிர்வாகம் பாதுகாப்புத் திணைக்களம் முதலியவற்றுடன் சேர்ந்து நடத்தி 2017 இல் வெளியான ஆய்வில் 574 பேர் பங்குபற்றினர். பார்வையில் எவ்விதக் குறைபாட்டு அறிகுறியும் முன்னர் இல்லாதிருந்தவர்களில் 43 முதல் 46 சதவீதமானோர், சத்திரசிகிச்சையின் பின் மூன்றாவது மாதத்தில் ஏதேனும் ஒரு புதிய அறிகுறியைக் கண்டனர்: விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், வெளிச்சச் சிதறல், இரட்டை உருவம் போன்றவை. கண் வரட்சி இல்லாதிருந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் வரையானோருக்கு அது புதிதாக ஏற்பட்டது. இதை வாசித்துவிட்டு நடுங்க வேண்டாம். அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் தமது பார்வை குறித்துத் திருப்தி தெரிவித்தனர். அறிகுறிகளால் அன்றாட வேலையே பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முன்னர் இருந்த தொல்லைகள் நீங்கியவர்களும் பலர். இரண்டு கூற்றும் உண்மை. விளம்பரக்காரர் ஒன்றைக் காட்டுகிறார், எதிர்ப்பாளர் மற்றதைக் காட்டுகிறார். நோயாளி கேட்க வேண்டியது, "என் கண்ணும் என் தொழிலும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கின்றன?" என்பதை.

தொழில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் வாவியில் வலை போடுபவர், விளக்குக் குறைந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தாதி, இரவு பஸ் சாரதி ஆகியோருக்கு எதிர்வரும் வாகன வெளிச்சம் பூத்துப்போய்த் தெரிவது சிறிய விடயமல்ல. எங்கள் கரையோரத்தின் உப்புக்காற்றிலும் புழுதியிலும் வெயிலிலும் ஏற்கெனவே வரண்டிருக்கும் கண்ணுக்கு, மேலும் வரட்சி என்பது குளிரூட்டிய அறையில் இருப்பவரின் அனுபவம் போன்றதாக இராது. கடற்குளிப்பையும் வாவியில் இறங்குவதையும் சில வாரங்களுக்கு நிறுத்த வேண்டும். கண்ணைக் கசக்கவே கூடாது, மடல் விலகிவிடும். கடலை நம்பிப் பிழைப்பவருக்கு அத்தனை நாள் வேலையை நிறுத்த முடியுமா என்பதும் வைத்தியரோடு பேச வேண்டிய விடயந்தான்.

லாசிக் ஒன்றுதான் வழி என்று எண்ணவும் வேண்டாம். மடல் வெட்டாமல், மேற்தோலை மட்டும் நீக்கிச் செதுக்கும் பீஆர்கே முறை லாசிக்கைவிடப் பழையது. சில நாட்கள் நோவும், பார்வை தெளிய அதிக காலமும் எடுக்கும்; ஆனால் படலம் மெல்லியதாக உள்ளவர்களுக்கும் அடிபடக்கூடிய தொழில் செய்வோருக்கும் அது உகந்ததாகலாம். சிறு கீறல் வழியாகத் திசுத்துண்டை வெளியே எடுக்கும் ஸ்மைல் முறை இருக்கிறது. பவர் மிக அதிகமானவர்களுக்குக் கண்ணுள் வில்லை பொருத்துவதும் உண்டு. எல்லா வைத்தியசாலையிலும் எல்லாக் கருவியும் இராது. இருக்கும் கருவிக்கு ஏற்பக் கண்ணைத் தெரிவு செய்கிறார்களா, கண்ணுக்கு ஏற்ற கருவியைத் தெரிவு செய்கிறார்களா என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: "என்னுடைய இடத்தில் உங்கள் மகள் இருந்தால் எதைச் செய்வீர்கள், அல்லது ஒன்றுமே செய்யாமல் விடுவீர்களா?" நல்ல வைத்தியர்கள் பலரை "உங்களுக்கு இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் திருப்பியனுப்பப்பட்டவர்கள் அதே கையோடு இன்னொரு இடத்துக்குப் போய்ச் செய்துகொள்வதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நாற்பதை அண்மிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளெழுத்து என்பது கண்வில்லை இறுகுவதனால் வருவது. விழிவெண்படலத்தைச் செதுக்கி அதைத் தடுக்க முடியாது. தூரப் பார்வைக்கான கண்ணாடியைக் கழற்றியவர் பத்திரிகை வாசிப்பதற்குக் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். குறும்பார்வை உள்ளவர்களில் பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் வாசிப்பார்கள். அந்த வசதியையும் இழக்கிறோம் என்பதை அறிந்தே இழக்க வேண்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சம்மதப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சத்திரசிகிச்சை நாளன்று, கண்ணில் துளிமருந்து விட்டு எழுத்து மங்கியிருக்கும் நேரத்தில், "இதில் ஒரு கையொப்பம்" என்று நீட்டுகிறார்கள். 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனால் அரசியலமைப்பு தனியார் வைத்தியசாலையின் மேசைவரை வந்து சேர்வதில்லை. இந்த நாட்டில் வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று எவரும் சாட்டுச் சொல்ல இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியம் உட்பட சத்திரசிகிச்சை, உடற்கூறு நூல்களைத் தமிழில் அச்சிட்டார். கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர். அவர்களுக்குப் பின்னரும் ஒரு மட்டக்களப்புப் பெண் தனது கண்ணுக்கு என்ன நேரலாம் என்பதைத் தனக்கு முழுமையாக விளங்காத மொழியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது. வைத்தியர்களில் பலர் அன்போடு தமிழில் விளக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விளக்கம் காற்றோடு போகும், கையொப்பம் கடதாசியில் நிற்கும். பத்திரத்தின் பிரதியை முதல் நாளே கேட்டு வாங்கி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசியுங்கள். தர மறுத்தால் நாளை மாற்றச் சொல்லுங்கள். வைத்தியரின் அனுமதியோடு அவரது விளக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்வதிலும் தவறில்லை.

செலவு பற்றிப் பேசும்போது, சொல்லப்படும் தொகை ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, பிந்திய பரிசோதனைகளும் துளிமருந்துகளும் அதில் அடங்குமா, பவர் எஞ்சினால் மீண்டும் செதுக்குவதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஊருக்குத் திரும்பிய நாலாம் நாள் இரவில் கண் சிவந்து நோவெடுத்தால் யாரைத் தொடர்புகொள்வது? சென்னையில் செய்துகொண்டவர் விமானம் ஏறுமுன் இதற்குப் பதில் பெற்றிருக்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் வைத்தியருக்குக் காட்டுவதானால், என்ன செய்யப்பட்டது என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

அந்தக் குறிப்பு நாலாம் நாளுக்கு மட்டும் உரியதல்ல. இன்று இருபத்தைந்து வயதில் லாசிக் செய்பவருக்கு அறுபது வயதில் கண்புரை வரும். அப்போது உள்ளே வைக்கும் வில்லையின் பவரை விழிவெண்படலத்தின் வளைவைக் கொண்டே கணிப்பார்கள். செதுக்கிய கண்ணில் வழமையான கணிப்புப் பிழைத்துவிடும். பழைய அளவீடுகள் இருந்தால் வைத்தியருக்குப் பெரிதும் உதவும். மெலிந்த படலத்தில் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். தெரியாத வைத்தியர் குளுக்கோமாவைத் தவறவிடலாம். கண்தானம் செய்ய எண்ணியிருப்பவர்களும் அறிய வேண்டியது, லாசிக் செய்த படலத்தை முழுத் தடிப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பொதுவாக ஏற்பதில்லை என்பதை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் கண்தான சங்கத்தைத் தொடங்கி, பல நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பிப் பெயர் பெற்ற நாடு இது.

ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரான பவர், தடிப்பு, வளைவு ஆகிய அளவீடுகளின் பிரதியை, பணம் செலுத்தும் மேசையிலிருந்து எழுவதற்கு முன்னர் கேட்டு வாங்க வேண்டும். 2004 டிசம்பரில் கல்லடியிலும் நாவலடியிலும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு, கடதாசி எவ்வளவு நாள் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் அடையாள அட்டையோடு வையுங்கள்; மற்றொன்றைப் படம்பிடித்து, அந்தப் பணத்தை அனுப்பிய உறவினருக்கே அனுப்பிவையுங்கள்.